இருபத்திமூன்றாவது வரி

மட்டக்களப்பு
29 ஜனவரி 2025

பஸ்னா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். இங்கே ஒன்றேகால் ஆகிறது. மகள் பல் முளைக்கிற காய்ச்சலில் இப்போதுதான் நித்திரையானாள். பகலில் எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை, யாராவது எட்டிப் பார்ப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. வட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய், தெரியும். அதனால்தான் மின்னஞ்சல். வாசிக்காமல் அழித்துவிடாதே. என்மேல் உள்ள கோபத்தை அப்படியே வைத்திரு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இது வேறு விசயம்.

எங்கள் நிறுவனத்தில் நீ எழுதிவைத்துப் போன புரோகிராம் இன்றைக்கும் ஓடுகிறது. சனிக்கிழமைகளில் ஊர் ஊராகப் பிள்ளைகளை நிறுத்துப் போனில் போடுகிற எண்களை எடுத்து, திங்கள் காலை ஆறு மணிக்குத் தானாகவே எக்செல் அறிக்கையைச் செய்து எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறது. நீ நாலு நாள் இருந்து அழகுபடுத்தின அதே டேபிள்தான். தலைப்பு கடும் நீலம், ஒரு வரி இளநீலம், அடுத்த வரி வெள்ளை, நிறை குறைந்த பிள்ளையின் வரி முழுவதும் சிவப்பு. சிவப்பு விழுந்த வீட்டுக்கு அந்தக் கிழமைக்குள் ஆள் போகவேண்டும் என்பதும் நீ இருந்த காலத்து வழக்கம்தான்.

டிசம்பர் ஒன்பதாம் திகதி தொடங்கி ஐந்து திங்கட்கிழமைகள், வெல்லாவெளிப் பக்கத்து அறிக்கையில் டேபிள் பாதியில் நின்றுபோயிருக்கிறது. மொத்தம் முப்பத்தேழு பிள்ளைகள். இருபத்திரண்டாவது வரிவரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதற்குக் கீழே எண்கள் உண்டு, நிறம் இல்லை, கோடும் இல்லை. வெறும் எழுத்தாகக் கிடக்கிறது. ஜனவரி பதின்மூன்றாம் திகதி அறிக்கையில் தானாகவே சரியாகிவிட்டது. நான் தொடவே இல்லை.

அப்படிக் கீழே கிடந்த பதினைந்து பிள்ளைகளில் மூன்று பேருக்குச் சிவப்பு விழுந்திருக்க வேண்டும். இரண்டு பேர் தேறிவிட்டார்கள். மூன்றாவது பிள்ளை யதுர்ஷன், பதினொரு மாதம். முப்பத்தோராவது வரி. தாய் அன்னப்பூரணி மூன்று சனிக்கிழமை அவனைத் தூக்கிவந்து நிறுத்திருக்கிறாள். ஏழு தசம் நாலு கிலோ, ஏழு தசம் ஒன்று, ஆறு தசம் ஏழு. வெள்ளத்தில் பாதை அறுந்து டிசம்பர் முழுக்க கிளினிக்கும் இல்லை. ஜனவரி எட்டாம் திகதி இரவு சளிக்காய்ச்சல் கூடி, உழவு மெஷினில் ஏற்றி, பிறகு ஓட்டோவில் மாற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, விடியச் சாமம் போய்விட்டான்.

பதின்மூன்றாம் திகதி டேபிள் முழுதாக வந்ததல்லவா? அன்றைக்குத்தான் அவனுக்குச் சிவப்பு விழுந்தது. அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போகிற எங்கள் கேதீஸ்வரி அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போய், வேலிக்கு வெளியே நின்று, "தம்பி எங்க புள்ள, நிறை குறைஞ்சிருக்காமே" என்று கூப்பிட்டிருக்கிறா. நாலு நாளுக்கு முன் புதைத்த பிள்ளையை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்னப்பூரணியின் புருசன் சதீசன், இவள் பிள்ளையைக் கவனிக்கவில்லை, நிறுக்கக்கூடக் கொண்டுபோகாமல் விதைப்பு வேலை பார்த்துத் திரிந்தாள் என்று சொல்லி, நாலு வயது மகள் தனுஷிகாவையும் கூட்டிக்கொண்டு கல்குடாவில் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். இந்த மனிசியிடம் இன்னொரு பிள்ளையை விடமாட்டன் என்கிறான்.

டேபிள் ஏன் இருபத்திரண்டில் நின்றது? உன்னைத் தவிர எனக்குக் கேட்க ஆளில்லை.

பிரஷாந்தி


தோஹா
2 பெப்ரவரி 2025

பிரஷாந்தி,

மூன்று தரம் வாசித்தேன். அந்தப் பிள்ளைக்காகத் தொழுது துஆச் செய்தேன். அந்த உம்மாவுக்காகவும்.

உனக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஒக்டோபர் கூட்டத்தில் என்ன நடந்தது என்று நீ ஒரு வரியும் எழுதவில்லை, "உன் கோபத்தை வைத்திரு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். வைத்துத்தான் இருக்கிறேன். பதினொரு பேருக்கு முன்னால் டிரெக்டர், "பஸ்னா கலரடிச்சு விளையாடினதாலதான் ரிப்போர்ட் பிந்தினது, சின்னப் பிள்ளைகளுக்குக் கலர்க் கொப்பி குடுத்த மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். தரவை இரண்டு நாள் மேசைக்குள் வைத்திருந்தது அவர்தான் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நீ. நீ பேனை மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாய். நாலு வருடம் கம்பஸில் ஒரே அறையில் இருந்தோம், எனக்கு நோன்பென்றால் நீயும் மத்தியானம் சாப்பிடமாட்டாய். அதை நினைத்துத்தான் அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன்.

நான் எழுதின புரோகிராம் தான் நினைத்தபாட்டுக்கு நிற்காது. டிசம்பர் ஒன்பதாம் திகதி அறிக்கையைத் திற. இருபத்திமூன்றாவது வரியில் முதல் கட்டத்தைப் பார். அதில் என்ன இருக்கிறதென்று எனக்கு எழுது.

பஸ்னா


மட்டக்களப்பு
6 பெப்ரவரி 2025

பஸ்னா,

பார்த்தேன். ஒன்றும் இல்லை. முதல் கட்டம், பெயர் போடுகிற கட்டம், வெறுமையாக இருக்கிறது.

அது டிசம்பர் முதலாம் திகதி பிறந்த பெண்பிள்ளை. உனக்குத்தான் தெரியுமே, எங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாள் பிள்ளை பிறந்த துடக்கைக் கழித்துத்தான் பெயர் வைப்பார்கள். அதுவரைக்கும் பிள்ளை, பிள்ளைதான். பழைய கொப்பியில் கேதீஸ்வரி அக்கா அந்த இடத்தில் 'பிள்ளை' என்றே எழுதிவைப்பா. இந்த முறை போனில் அடிக்க வெளிக்கிட்டு எனக்குக் கோல் எடுத்தா. "மிஸ், பேர் வைக்கல்ல, என்ன போட?" என்று கேட்டா. நான் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கடித்துவிட்டு அழுகிறாள். "வெறுமையா விடுங்கக்கா, பேர் வைச்சாப்போலப் போடுவம்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் சொன்னது. அரை நிமிசமும் இராது.

அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்து, ஜனவரி பத்தாம் திகதி அக்கா அதைப் போனில் ஏற்றியிருக்கிறா. அடுத்த திங்கட்கிழமை டேபிள் முழுதாக வந்துவிட்டது. பெயரில்லாத இடத்தோடு பட்டியல் முடிந்தது என்று உன் புரோகிராம் நினைத்திருக்கிறது, அப்படித்தானே?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. சொன்னாலும் வராதுதான். டிசம்பர் பதினாறாம் திகதி கேதீஸ்வரி அக்கா என்னிடம் கேட்டா. "மிஸ், கீழ கொஞ்சப் பிள்ளைகள் கோடில்லாமக் கிடக்குதுகள், அதுகள் என்ன கணக்கு?" நான், "பிரிண்டர்ல மை முடிஞ்சிருக்கும் அக்கா" என்றேன். எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்கு மகளுக்கு வயிற்றோட்டம், வீட்டுக்காரர் உதயரூபன் இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார், நான் மூன்று மணிக்கே வீட்டுக்கு ஓடினேன். என் பிள்ளையின் வயிற்றோட்டம் அடுத்த நாளே நின்றுவிட்டது.

ஒன்று யோசித்துப் பார்த்தாயா? நீ இந்த டேபிளைச் செய்வதற்கு முன்னால் அக்கா ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்து வாசிப்பா. போன முறை எத்தனை, இந்த முறை எத்தனை என்று வாய்க்குள் முணுமுணுப்பா. அது அரைநாள் வேலை. உன் நிறம் வந்த பிறகு ஐந்து நிமிசம். சிவப்பைத் தேடுவா, இல்லாவிட்டால் தாளை மடித்துப் பையில் வைப்பா. எண் அங்கேதான் இருந்தது பஸ்னா. ஏழு தசம் ஒன்று, ஆறு தசம் ஏழு. ஐந்து கிழமையும் கறுப்பு எழுத்தில் அந்தத் தாளில்தான் கிடந்தது. நானும் வாசிக்கவில்லை.

டிரெக்டரிடம் போனேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "வடிவமைப்பில ஒரு சின்னப் பிசகு, திருத்தியாச்சு எண்டு ஃபைல்ல ஒரு வரி எழுதி வைங்க. டேபிள் இப்ப வடிவா வருதுதானே?" என்றார். அன்னப்பூரணியைப் பற்றிச் சொன்னேன். "நாங்க மருந்து குடுக்கிற ஆக்கள் இல்ல பிரஷாந்தி. தாய்க்குத் தெரியாத நிறையா எங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

நேற்று அன்னப்பூரணியைப் பார்க்கப் போனேன். குருமண்வெளியில் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து மண்டூரில் இறங்கி, அங்கிருந்து அக்காவின் ஸ்கூட்டியில். அவள் முற்றத்தில் இருந்து உழுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டாள். கதிரையில் உட்கார்ந்தேன். அவளாகத்தான் கதைத்தாள். "மிஸ், நிறுக்கிற இடத்தில உங்கட ஆக்கள் சொன்னதுதானே, நிறுத்துப்போட்டுப் போங்க, குறைஞ்சா நாங்க வீட்ட வருவம் எண்டு. நீங்க ஒருத்தரும் வரல்ல. அதால அவன் சுகமாத்தான் இருக்கான் எண்டு நினைச்சிட்டன். மெலிஞ்ச மாதிரிக் கிடந்தது. மாமிக்கிட்டயும் சொன்னன், மெலியிறான்போல எண்டு. பிறகு நானே சொன்னன், இல்ல, மெலிஞ்சா அவங்க வந்திருப்பாங்க."

தேத்தண்ணி தந்தாள். குடித்தேன்.

வீட்டுக்கு வந்து மகளைக் கடைத் தராசில் நிறுத்தேன். இரவும் நிறுத்தேன். உதயரூபன் தராசை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். "பிள்ளைக்கு விசர் பிடிக்கப்போகுது, உனக்குப் பிடிச்சிட்டுது" என்கிறார்.

இப்போது நான் ஒன்று கேட்கவேண்டும். நான் உனக்கு எந்தக் கோப்பும் அனுப்பவில்லை. பெயரில்லாத பிள்ளையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இருபத்திரண்டில் நின்றது என்றுதான் சொன்னேன். இருபத்திமூன்றாவது வரியில் முதல் கட்டத்தைப் பார் என்று உனக்கு எப்படிச் சொல்லத் தெரிந்தது?

பிரஷாந்தி


தோஹா
9 பெப்ரவரி 2025

பிரஷா,

எப்படித் தெரியும் என்று கேட்டாய். முதலே தெரியும்.

டேபிள் எங்கே முடிகிறது என்று புரோகிராமுக்கு யாராவது சொல்லவேண்டும். பிள்ளைகளின் தொகை கிழமைக்குக் கிழமை மாறும், ஆகவே நிரந்தரமாக ஓர் எண்ணைக் கொடுக்க முடியாது. பெயர் நிரலில் மேலேயிருந்து ஒவ்வொரு கட்டமாக இறங்கு, வெறும் கட்டம் வந்தால் அதுதான் முடிவு, அதுவரைக்கும் கோடு போடு, நிறம் போடு என்று எழுதினேன். எல்லாரும் முதலில் அப்படித்தான் எழுதுவார்கள். நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் ஏறாவூர், ஓட்டமாவடித் தரவில். எங்களில் ஏழாம் நாள் பெயர் வைத்துவிடுவோம், அதற்குள் ஒருத்தரும் பிள்ளையைத் தராசுக்குக் கொண்டுவருவதில்லை. பெயரில்லாத பிள்ளை ஒன்று பட்டியலில் வரும் என்று என் தலைக்குள் வரவே இல்லை.

பிறகு வந்தது. வேலையை விடுவதற்கு மூன்று நாளுக்கு முன்னால், வெல்லாவெளிப் பழைய கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 'பிள்ளை' 'பிள்ளை' என்று மூன்று இடத்தில் கண்டேன். இந்த இடத்தை யாராவது ஒருநாள் வெறுமையாக விட்டால் என்ன ஆகும் என்று விளங்கிவிட்டது. திருத்த ஒரு மணித்தியாலம் போதும். அடுத்த நாள் காலையில் திருத்துவோம் என்று, உனக்குக் கொடுக்கவேண்டிய குறிப்பில் அதை எழுதியும் வைத்தேன். 'பெயர்க் கட்டம் ஒருபோதும் வெறுமையாக இருக்கக்கூடாது, இருந்தால் கீழே உள்ள பிள்ளைகள் டேபிளுக்கு வெளியே போய்விடுவார்கள்' என்று.

அடுத்த நாள் காலையில்தான் அந்தக் கூட்டம்.

கூட்டம் முடிந்து வந்து அந்த வரியை அழித்தேன். திருத்தவும் இல்லை. கலரடித்து விளையாடுகிற வேலைதானே, அது பிழைத்தால் என்ன என்று நினைத்தேன். ஒருநாள் டேபிள் அசிங்கமாக வரும், டிரெக்டர் பத்துப் பேருக்கு முன்னால் முழிப்பார், நீ என்னைத் தேடி கோல் எடுப்பாய், நான் எடுக்கமாட்டேன். இவ்வளவுதான் என் மனதில் இருந்தது. டேபிளின் அழகு கெடும் என்று மட்டும்தான் யோசித்தேன். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் ஆட்கள் வீட்டுக்குப் போகிறார்கள் என்று, அதை உண்டாக்கின எனக்கே அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. இதை நான் அல்லாஹ்விடம் சொல்லிவிட்டேன். என் கணவர் ஸாஹிரிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் முதல் கடிதம் வந்தபோது, வாசித்து முடிக்க முன்பே எனக்கு விளங்கிவிட்டது. பிறகும் நீ ஏதோ செய்திருக்கிறாய் என்பதுபோலத்தான் பதில் எழுதினேன். கூட்டத்தைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதினது ஏன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ அன்னப்பூரணியிடம் போய்ச் சொல்லப்போகிறாய். எனக்கு உன்னைத் தெரியும். ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. சொன்னால் யாருக்குப் பாரம் இறங்கும்? அவளுக்கா, உனக்கா? பிள்ளை காய்ச்சலில் போனான் என்று ஒரு தாய் எப்படியோ நம்பிக்கொண்டு இருந்துவிடலாம். ஒரு வெறும் கட்டத்தால் போனான் என்று சொல்லிவிட்டு வந்தால், அதை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? நான் பயத்தில் இப்படிச் சொல்கிறேனா, உண்மையாகவே சொல்கிறேனா என்று எனக்கும் தெரியவில்லை.

திருத்தின புரோகிராமை இதோடு அனுப்புகிறேன். இனி பெயரைப் பார்க்காது, பிறந்த திகதியைப் பார்க்கும். அது இல்லாமல் ஒரு பிள்ளையும் பதிவாகாது. இன்றைக்கே மாற்று.

பஸ்னா


மட்டக்களப்பு
18 பெப்ரவரி 2025

பஸ்னா,

உன் கடிதத்துக்கு ஒன்பது நாள் பதில் போடவில்லை. முதல் இரண்டு நாள் உன்மேல் அப்படி ஒரு கோபம். மூன்றாம் நாள் அந்தக் கூட்டம் ஞாபகத்துக்கு வந்தது. தரவு இரண்டு நாள் பிந்தித்தான் வந்தது என்று நான் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ அந்த வரியை அழித்திருக்கமாட்டாய். பிரசவ லீவு முடிந்து வந்து ஒரு கிழமை, என் வேலை நிரந்தரமாக்குகிற கடிதம் அவர் மேசையில் கிடந்தது. அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை. மன்னித்துக்கொள் என்று எழுதினால் உனக்கும் சிரிப்பு வரும், ஆனாலும் எழுதுகிறேன்.

புரோகிராமை அன்றைக்கே மாற்றிவிட்டேன். வேண்டுமென்றே நாலு பெயரை அழித்து ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை, கடைசிப் பிள்ளைவரை போனது.

சனிக்கிழமை கேதீஸ்வரி அக்காவோடு அன்னப்பூரணியிடம் போனேன். யாருக்குப் பாரம் இறங்கும் என்று கேட்டாயே, பாதைப் படகில் வாவியைக் கடக்கிற நேரம் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை பஸ்னா. அவளுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன், நீயே பார்.

டிசம்பர் முப்பதாம் திகதி அறிக்கையையும் ஜனவரி ஆறாம் திகதி அறிக்கையையும் வந்தபடியே பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். பாயில் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயரில்லாத பிள்ளை, நான் கோலில் சொன்னது, பிரிண்டர் மை என்று சொன்னது, எல்லாம். உன்னைப் பற்றி, இதைச் செய்த என் சிநேகிதிக்குப் பிழை இருப்பது தெரியும், சொல்லாமல் போய்விட்டாள் என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

அவள் தாளை வாங்கி விரலால் கீழே கீழே இறக்கிக்கொண்டு போனாள்.

"இதில எங்க மிஸ் அவன்?"

காட்டினேன்.

"மேல உள்ளதுகளுக்கெல்லாம் கலர் இருக்கு."

"ஓம்."

"நான் கொண்டு வந்த நாள் எல்லாம் இதில இருக்கா?"

"இருக்கு. மூண்டு நாளும் இருக்கு, திகதியோட."

விரலைத் திரும்ப அந்த வரியில் வைத்தாள். பிறகு, "அப்ப நான் கொண்டு போனதுதான். நீங்கதான் வரல்ல" என்றாள். சத்தம் போடவில்லை. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். கேதீஸ்வரி அக்கா வேலிப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டா. இந்த முறை கதிரையும் போடவில்லை, தேத்தண்ணியும் இல்லை. நான் எழும்பினபோது, "இந்தத் தாள எனக்குத் தாங்க" என்றாள். கொடுத்தேன். நாலாய் மடிக்கப் போனவள், மடிக்காமல் பாயின் கீழே நீட்டி வைத்தாள். பிறகு, "இனி இஞ்ச வராதீங்க மிஸ். ஆனா இத அவருக்குச் சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டார்" என்றாள்.

அவள் முன்னாலேயே சதீசனுக்குக் கோல் எடுத்தோம். ஸ்பீக்கரில் போட்டேன். கடற்காற்று இரைந்துகொண்டிருந்தது. கடைசிவரை கேட்டான். பிறகு சொன்னான், "கலர் அடிக்காததால என்ட பிள்ளை செத்ததெண்டு சொல்றீங்களா மிஸ்? அவ அழுதிருப்பா, நீங்க மனமிரங்கி ஒரு தாளை அடிச்சுக்கொண்டு வந்திருப்பீங்க. கம்ப்யூட்டர்ல எந்த நம்பரையும் அடிக்கலாம், எந்தத் திகதியையும் போடலாம். எனக்குத் தெரியாதா?" அது உண்மைதானே? அடிக்கலாம்தானே? "அப்ப அதைச் செய்த ஆள் சொல்லட்டும். உங்கட ஒபிஸ் எழுதித் தரட்டும்" என்றான். அதற்குள் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், "அப்பா, அம்மாவா?" என்று கேட்டது. அன்னப்பூரணி போனைப் பறித்து வாயருகே கொண்டுபோக முன்னால் கோல் நின்றுவிட்டது. அவள் நின்றுபோன போனையே கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒபிஸ் எழுதித் தராது. நேற்று டிரெக்டரிடம் கேட்டேன். நிறுவனத்தின் பெயரில் ஒரு துண்டுக் கடிதமும் வெளியே போகக்கூடாது, மீறினால் நான் வேறு இடம் பார்க்கலாம் என்றார். வேறு இடம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உதயரூபனிடம் இரவு சொன்னேன். கோபிப்பார் என்று பார்த்தேன், மகளைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் நடந்தார், அவ்வளவுதான்.

வருகிற ஞாயிறு, இருபத்திமூன்றாம் திகதி, இரண்டு குடும்பமும் மண்டூரில் அன்னப்பூரணியின் தாய்மாமன் சீனித்தம்பி வீட்டில் இருந்து கதைக்கப்போகிறார்கள். தனுஷிகாவைக் கல்குடாவிலேயே பாலர் பாடசாலையில் சேர்க்கிறதா, தாயிடம் விடுகிறதா என்று அன்றைக்கு முடிவாகும். அன்னப்பூரணியின் கையில் அந்த இரண்டு தாளையும் தவிர வேறொன்றும் இல்லை. நிறமில்லாத வரியைக் காட்டி ஒரு தாய் தன் பிள்ளையைக் கேட்கவேண்டியிருக்கிறது. அந்தத் தாள் என்ன, அது ஏன் அப்படி வந்தது, அதிலுள்ள எண்கள் எங்கிருந்து வந்தவை என்று சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்திதான்.

ஆகவே கேட்கிறேன். சதீசனுக்கு ஒரு கடிதம் எழுது. ஒரு பக்கம் போதும். உன் சொந்தப் பெயரில், அவன் வாசித்து விளங்குகிற தமிழில், இந்தப் புரோகிராமைச் செய்தவள் நான், தாய் பிள்ளையை மூன்று சனிக்கிழமையும் கொண்டுவந்திருக்கிறாள், எங்கள் பிழையால் ஆள் போகவில்லை என்று எழுது. அழித்த வரியைப் பற்றி எழுதுவதும் விடுவதும் உன் விருப்பம், நான் வற்புறுத்தமாட்டேன். நான் அக்காவிடம் சொன்னவற்றை மட்டும் விடாமல் எழுது, மை முடிந்திருக்கும் என்றதையும். உன் கையெழுத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினால் நல்லது, கம்ப்யூட்டரில் அடித்தால் அவன் நம்பமாட்டான். நான் அதை எடுத்துக்கொண்டுபோய் எல்லாருக்கும் முன்னால் வாசிக்கிறேன். அவள் வரவேண்டாம் என்று சொன்ன இடம் அவள் வீடுதான், மண்டூர் இல்லை.

நீ எழுதமாட்டாய் என்றாலும் அதையாவது சொல்லு. அன்னப்பூரணிக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் பிறகு போய் நிற்க என்னால் முடியாது.

சனிக்கிழமை பின்னேரத்துக்குள் எனக்குக் கிடைக்கவேண்டும். கெதியாகப் பதில் போடு பஸ்னா.

பிரஷாந்தி